மீன் தொட்டிக்கு டிரிப்ஸ்

தண்ணீர் லாரி வரிசையில் குடத்தோடு நிற்பதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே நான் முடிவெடுத்துவிட்டேன். ஆவடித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறவன் நான். அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிக்க அரசாங்கமே எனக்குச் சம்பளம் தருகிறது. அப்பேர்ப்பட்டவன் கள்ளிக்குப்பம் தெருமுனையில் பச்சைக் குடமும் கையுமாக நின்றால் மரியாதை என்ன ஆவது?

என் மனைவி பார்வதம் இதைப் பற்றி ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. அதுவே எனக்குச் சந்தேகம்தான். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் குளிக்கலாம், துவைக்கலாம். வாயில் வைத்தால் மெரினாவில் முங்கி எழுந்த மாதிரி இருக்கும். குடிக்கவும் சமைக்கவும் காலையில் வருகிற லாரிதான். பார்வதமே வரிசையில் நின்று பிடித்து வருவாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில், மாற்றலாகிப் போன நண்பர் ஒருவர் தன் கண்ணாடித் தொட்டியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மீன் வாங்கப் பார்வதம் அம்பத்தூர் போனாள். கறுப்பு மோலி நாலு, கூடவே கடைக்காரர் சொன்ன புத்திமதி.

"வாரம் ஒரு தடவை தண்ணி மாத்தணுமாம். நல்ல தண்ணிதான் ஊத்தணுமாம். உப்புத் தண்ணி பட்டா உசுரு போயிடுமாம்."

"சரி, மாத்திடு."

"நானா? நான் கொண்டாற ரெண்டு குடம் சமையலுக்கே பத்தலை, போர் தண்ணி கலந்துதான் ஒப்பேத்தறேன். பேசாம மீனைத் திருப்பிக் குடுத்துடவா?"

திருப்பிக் கொடுப்பதா? மீன் வளர்க்கப் போவதாகத் தொழிற்சாலை கேன்டீனில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதற்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் வாளியைத் தூக்கிக்கொண்டு அல்லாடவும் என்னால் ஆகாது. யோசித்தேன். மூளை வேலை செய்தது. தொட்டிக்கு மேலே ஒரு டிரம். டிரம்மிலிருந்து சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் இறங்கும். தொட்டியின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு குழாய். அதன் வழியாகப் பழைய தண்ணீர் ஜன்னலைத் தாண்டி வெளியே போகும். தானாக வரும், தானாகப் போகும். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன்.

சொட்டுவதற்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப்தான் சரி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன்.

"யாருக்கு சார் சீரியஸ்?"

"மீனுக்கு."

கடைக்காரர் டியூபைக் கொடுத்தார். என்னைப் பார்த்த பார்வை மட்டும் சரியில்லை.

ஒரு சிக்கல் மிச்சம். டிரம்முக்கு நல்ல தண்ணீர் யார் கொண்டுவருவது? பார்வதம் கையை விரித்துவிட்டாள். கடைசியில் என் முடிவை நானே கொஞ்சம் தளர்த்தினேன். குடும்பத்துக்காக நின்றால்தான் தலைகுனிவு. விஞ்ஞானத்துக்காக நிற்கலாம்.

முதல் நாள் டிரம்மோடு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு பஞ்சவர்ணம்.

"இன்னா சார், நீ வந்துகீறே? அக்காவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"இல்லம்மா, மீனுக்குத் தண்ணி."

"மீன் கொயம்புக்கா? அதுக்கு எதுக்கு சார் ஒரு டிரம்மு?"

"குழம்பு இல்லம்மா! வளர்க்கிற மீன்!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. சமாளித்துக்கொண்டு டிரம்மை நிரப்பி, வீட்டில் தொட்டிக்கு மேலே ஏற்றி வைத்தேன். டியூபின் சக்கரத்தைத் திருகினேன். டொக். டொக். டொக். அடடா! ஒரு டிரம் ஒரு வாரத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டு, நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் டிரம்மில் அடியோடு அடியாக ஒரு வாளித் தண்ணீர்தான் கிடந்தது.

சக்கரத்தை இன்னும் இறுக்கினேன். மறுநாளும் நிரப்பினேன். மறுநாளும் அதே கதை. டிரம்மைக் கவிழ்த்து ஓட்டை தேடினேன். ஓட்டை இல்லை. வெயிலில் வற்றுகிறதோ என்று ஜன்னலை மூடினேன். வற்றத்தான் செய்தது. தினமும் விடிந்ததும் லாரிக்கு ஓடுவதே என் பிழைப்பாகிவிட்டது. நான் டிரம்மோடு போகிற நேரத்தில் பார்வதம் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்தாள்.

இதற்கு நடுவில் இன்னொன்று கவனித்தேன். வீட்டில் காபி திடீரென்று பிரமாதமாக இருந்தது. பருப்பு மலர வெந்தது. ரசத்துக்கு ஒரு மணம். பதினோரு வருஷமாக இல்லாத ருசி இப்போது எங்கிருந்து வந்தது? ஏதோ நகைக்கு அடி போடுகிறாள் என்று எனக்குச் சந்தேகம். ஜாக்கிரதையாக, ஒரு வார்த்தை பாராட்டாமல், இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தேன்.

டிரம் விஷயத்தில் என் சந்தேகம் பஞ்சவர்ணத்தின் புருஷன் கஜபதி மேல் விழுந்தது. பரம்பரையாக இந்த ஊர்க்காரர், நிலம் நீச்சு உள்ளவர். ஆனாலும் அவர் வீட்டுக் கொல்லைக்கும் எங்கள் ஜன்னலுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர்தான். ஜாடையாக விசாரித்தேன்.

"கஜபதி, எங்க வீட்டுத் தண்ணி அடிக்கடி காணாமப் போவுது..."

"அதுக்கு?"

"சும்மா சொன்னேன். உங்க தோட்டம் வேற பச்சைப் பசேல்னு இருக்கு..."

"யோவ் சார்! குடிக்கத்தான் லாரித் தண்ணி. தோட்டத்துக்கு எங்க கெணத்துல ஆறு ஆளு மட்டம் கீது. உன் மீனு குளிச்ச தண்ணிய நா ஏன்யா திருடறேன்? மொதல்ல உன் ஊட்டுக்குள்ளாற பாரு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊட்டுக்குள்ளாற!

மறுநாள் டிரம்மை நிரப்பிவிட்டு, சாப்பாட்டுக் கூடையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பினேன். தெரு திரும்பியதும் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பின்பக்கமாக வந்து ஜன்னலடியில் குந்தினேன். தொட்டிக் குழாய் என் தலைக்கு நேராகச் சொட்டிக்கொண்டிருந்தது. கடமைக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

பார்வதம் வந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். டிரம் மூடியைத் திறந்து, சொம்பால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்பினாள். அதைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து இன்னொரு குடம். பிறகு தவலை. பிறகு குக்கர். என் லாரித் தண்ணீர் முழுக்கச் சமையலறைக்குப் போனது. கடைசியில் குளியலறையிலிருந்து ஒரு வாளி போர் தண்ணீரைக் கொண்டுவந்து டிரம்மில் ஊற்றி மூடினாள்.

"பார்வதம்!" என்று ஜன்னலில் எழுந்து நின்றேன்.

அவள் பயந்த மாதிரியே தெரியவில்லை. "ஏங்க, தலையெல்லாம் நனைஞ்சிருக்கு? உள்ள வாங்க, துவட்டி விடறேன்."

"பேச்சை மாத்தாதே! மீன் குடிக்கிற தண்ணியைத் திருடறியா?"

"திருடறதா? நம்ம வீட்டுத் தண்ணி நம்ம வீட்டு அடுப்புக்குப் போவுது."

"உப்புத் தண்ணியை ஊத்தினியே, மீன் செத்துடாதா?"

"ஆரம்பத்துலேர்ந்து அதுங்க போர் தண்ணியிலதானே இருக்கு. குட்டி கூடப் போட்டிருக்கு."

குட்டி போட்டதை நான் அறிவேன். நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டதால்தான் மீன் இனம் பெருகியது என்று கேன்டீனில் பதினைந்து பேரை உட்கார வைத்து விளக்கியவனே நான்தான்.

"அப்போ கடைக்காரர் சொன்னது?"

"இந்தக் கறுப்பு மீனுக்கு உப்புத் தண்ணிதான் ஒத்துக்கும்னு சொன்னார். நான்தான் மாத்திச் சொன்னேன். பதினோரு வருஷமா முதுகு ஒடியத் தூக்கினேன். எனக்கு ஒரு குடம் பிடிச்சிட்டு வாங்கன்னா வந்திருப்பீங்களா?"

எனக்கு வெட்கமாகக் கூட இருந்தது. ஆனால் வெட்கத்தைக் காட்டினால் குடும்பத்தலைவன் பதவி போய்விடும். அதனால் கத்தினேன்.

"நாளையிலேர்ந்து லாரிக்குப் போக மாட்டேன்!"

"போவாதீங்க." பார்வதம் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "ஆனா உங்க ஆபீஸ்காரங்க ஞாயித்துக்கிழமை தொட்டியைப் பாக்க வராங்கன்னீங்களே. நான் பாட்டுக்கு வாய் தவறி உண்மையைச் சொல்லிடப் போறேன். இன்ஸ்பெக்‌ஷன் ஐயா வீட்டுல இத்தனை நாளா என்ன தண்ணி ஓடுதுன்னு ஐயாவுக்கே தெரியலைன்னு..."

தலையைக் குனிந்து கொடுத்தேன். பார்வதம் நன்றாகத் துவட்டிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் லாரி வரிசையில் மூன்று குடங்களோடு நின்றேன். இரண்டு எங்களுடையது. மூன்றாவது பஞ்சவர்ணத்தினுடையது, விஷயம் அவளுக்கும் தெரியுமாம்.