இழுத்தவர் அண்ணா

தெர்மாமீட்டர் நாக்குக்கு அடியில் போனதும் எர்னஸ்ட் கண்ணை மூடிக்கொண்டான். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியது அவன்தான். ஆனால் ஹவில்தார் சாந்தகுமார் கையோடு தெர்மாமீட்டரும் கொண்டுவருவார் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

சாந்தகுமார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்னய்யா இது? என்னைவிட நீ நல்லா இருக்கிற!”

“உள்காய்ச்சல், ஐயா. வெளியில காட்டாது.”

“அப்போ இந்தச் சனிக்கிழமை வேணாம். அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிடலாம். நீ இல்லாம எப்படிப் போறது? நீதான் முதல் வண்டி. வீட்டுல கிருபா அம்மாகூட உன் வண்டியிலதான் ஏறுவேன்னு சொல்லிக்கினு இருக்காங்க.”

இப்போது எர்னஸ்ட்டுக்கு நிஜமாகவே உடம்பு சுட்டது.

சித்தூரில் திருப்பதி ரோட்டின் மேல் கங்கையாவின் மெக்கானிக் ஷெட். பட்டாளத்து ஏலத்தில் போன பழைய ஜீப்பை வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை சாயங்காலமானால் அங்கே கூடிவிடுவார்கள். பட்டாளத்தில் பத்து வருஷம் லாரி ஓட்டிய சாந்தகுமார்தான் அந்தக் கூட்டத்துக்குப் பெரிய தலை. புத்தூர் வேர்க்கடலை வியாபாரி நாகேந்திரன் அடுத்தவர். மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குத் தோப்பு தோப்பாகப் போய்க் காய் பேசுகிற எர்னஸ்ட் கடைக்குட்டி. டீயும் பீடியுமாகப் பேச்சு நடக்கும். பேச்சென்றால் ஒரே பேச்சுதான். எந்த மேடு, எந்தச் சேறு, நாலு சக்கரத்தையும் போட்டு யார் எப்படி ஏறினார்கள் என்பது.

அவர்களுக்குள் ஒரு சட்டமும் உண்டு. சிக்கிக்கொண்ட வண்டியை யார் இழுத்து வெளியே விடுகிறாரோ, அவரை இழுபட்டவர் அன்று முதல் ‘அண்ணா’ என்று கூப்பிட வேண்டும். வயசு, சொந்தம் எதுவும் செல்லாது. காளஹஸ்தி பக்கம் ஒருமுறை சேற்றில் உட்கார்ந்ததிலிருந்து நாகேந்திரன் தன் சொந்த மச்சினனையே ‘அண்ணா’ என்றுதான் அழைத்துக்கொண்டிருக்கிறார்.

எர்னஸ்ட்டின் சங்கடம் வேறு. அவன் ஜீப்பில் முன் சக்கரம் இரண்டும் சும்மா கூடவே வருகிறவை. பெட்ரோல் விலை ஏறிய வருஷம், முன்னால் வைத்திருந்தவர் முன் சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கிற ஷாஃப்டைக் கழற்றி விற்றுவிட்டிருந்தார். வாங்கி ஒரு மாசம் கழித்துத்தான் இது எர்னஸ்ட்டுக்குத் தெரிந்தது. அதற்குள் நாலு சக்கரமும் போட்டுத் தலக்கோணா ஏற்றம் ஏறிய கதையை ஷெட்டில் மூன்று தடவை சொல்லி முடித்திருந்தான். அப்புறம் உண்மையைச் சொல்ல நல்ல நாள் அமையவில்லை.

அதுவும் போகட்டும். சாந்தகுமாரின் மகள் கிருபாபாய் இருக்கிறாளே! அவளுக்குச் சம்மதம். அப்பாவுக்கும் சம்மதம். அம்மா தபீதாள்தான் குறுக்கே நின்றாள்.

“அந்தப் பையன் வாயாலயே நாலு சக்கரமும் ஓட்டறான். சொர்ணமுகி ஆத்து மணல்ல ஓட்டிக் காட்டட்டும். அப்புறம் மோதிரம் மாத்தறதைப் பத்திப் பேசலாம்.”

அதற்குத்தான் இந்தப் பயணம்.

தெர்மாமீட்டரை உதறிப் பையில் போட்டுக்கொண்டு சாந்தகுமார் வாசலுக்கு வந்தார். எர்னஸ்ட்டின் ஜீப் பக்கத்தில் போகும்போது அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு கீழே விழுந்தது. குனிந்தவர் நிமிர நேரமாயிற்று. நிமிர்ந்தபோது சட்டைக் கையில் கிரீஸ்.

“என்னய்யா, அடியில எண்ணெய் ஒழுகுதா?”

“ஆமாங்கய்யா! ஒழுகுது! கிட்டப் போவாதீங்க, சட்டை பாழாயிடும்!”

அவர் தலை மறைந்ததும் எர்னஸ்ட் ஒரு கோணிப்பையை எடுத்து வண்டியின் அடியில் இழுத்துக் கட்டினான். இனி யார் குனிந்தாலும் கோணிதான் தெரியும். பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினான்.

காலையில் வாசலில் நாகேந்திரன். ஒரு கையில் ஸ்பேனர் பை, இன்னொரு கையில் பாய்.

“ஷெட்டுல ஹவில்தார் அண்ணா சொன்னாரு. எண்ணெய் ஒழுகுதாமே? கோணி கட்டினா நிக்குமாப்பா? நாமெல்லாம் எதுக்கு இருக்கோம்?”

“வேணாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்...”

“சிரமம் இன்னா சிரமம்!”

ஜீப்புக்குப் பக்கத்தில் பாயை விரித்து நாகேந்திரன் மல்லாந்து படுத்தார். ஸ்பேனரை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, அடியில் நகர்ந்து போகக் காலை மடக்கினார். எர்னஸ்ட் ஒரே தாவலில் சீட்டில் ஏறி வண்டியைக் கிளப்பினான்.

“பேட்டரி இறங்கிடுச்சுங்க! ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்!”

வாசலில் பாய்மேல் படுத்தபடி நாகேந்திரன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எர்னஸ்ட் போய் நின்ற இடம் கங்கையாவின் ஷெட்.

“கங்கையா, உன் காலைப் பிடிக்கிறேன். யாருக்கும் தெரியாம முன் ஷாஃப்ட் ஒண்ணு வேணும்.”

கங்கையா ஆச்சரியப்படவே இல்லை. “ரெண்டு நாள் கழிச்சு ரண்டி சார். சூஸ்தாம், பார்க்கலாம்” என்றான் தன் தெலுங்குத் தமிழில்.

சொன்னபடி சாக்கில் சுற்றிய ஷாஃப்ட் தயாராக இருந்தது. அங்கங்கே பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

“ஏது கங்கையா இது?”

“வண்டி இருக்கிற ஊர்ல ஷாஃப்ட் இருக்காதா சார்?”

“விலை?”

“முதல்ல ஆத்தைத் தாண்டுங்க சார். அப்புறம் மாட்லாடலாம்.”

நட்டைத் தொடும் முன்னே டீக்குக் காசு கேட்கிற கங்கையாவா இப்படிப் பேசுகிறான்! காதலென்றால் மெக்கானிக்குக்கும் இரக்கம் வந்துவிடும்போல என்று எர்னஸ்ட் நினைத்துக்கொண்டான். கோணியை அவிழ்த்துத் தூக்கி எறிந்தான். கங்கையா ஷாஃப்டை மாட்டினான்.

சனிக்கிழமை திருப்பதியைத் தாண்டிச் சொர்ணமுகிக் கரையில் மூன்று ஜீப்புகள் நின்றன. மார்ச் மாத வெயிலில் ஆறு முழுக்க வெள்ளை மணல். அக்கரை மாந்தோப்பில் சாப்பாடு. எர்னஸ்ட்டின் பக்கத்து சீட்டில் தபீதாள் அம்மாள், பின்னால் கிருபாபாய். நாகேந்திரன் வண்டியில் சோற்றுக் குண்டான்களும் அவற்றின் நடுவே கங்கையாவும்.

எர்னஸ்ட் கிளப்பப் போகும்போது சாந்தகுமார் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இரு இரு. நான் முன்னாடி போறேன். நீ என் பின்னாலேயே வா.”

அவருடைய பச்சை ஜீப் மணலில் இறங்கியது. பாதி ஆற்றில் உறுமியது. பின்சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. அப்படியே அச்சு வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. சாந்தகுமார் இறங்கினார். கையில் முடிச்சுகூடப் போட்டு வைத்த கயிறு. முகத்தில் வருத்தமே இல்லை.

“எர்னஸ்ட்! வந்து இழுய்யா!”

எர்னஸ்ட் நாலு சக்கரம் போடுகிற சின்ன லிவரை இழுத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக நாலு சக்கரமும் சேர்ந்து பிடித்தன. ஜீப் தார் ரோட்டில் போவதுபோல மணல்மேல் போயிற்று. தபீதாள் அம்மாள் “பரவாயில்லையே!” என்றாள். எர்னஸ்ட்டுக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

கரையிலிருந்து நாகேந்திரன் கத்தினார்: “ஹவில்தார் அண்ணா! இன்னைலேருந்து எர்னஸ்ட்தான் உங்களுக்கு அண்ணா!”

எர்னஸ்ட்டின் விசில் தொண்டையிலேயே நின்றது.

சட்டம்! இழுத்தால் அண்ணா! மாமனார் ஆகப்போகிறவர் சாகும்வரை தன்னை அண்ணா என்று கூப்பிட வேண்டும். கோயிலில் பாதிரியார் முன்னால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, இவளைப் பார்த்துக்கோங்க” என்பார். அவருக்கு அண்ணன் என்றால் கிருபாபாய்க்கு?

பெரியப்பா!

எர்னஸ்ட் யோசிக்கவில்லை. லிவரைப் பழைய இடத்துக்கே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தான். பின்சக்கரங்கள் சுழன்று குழி பறித்தன. பச்சை ஜீப்புக்குப் பத்தடி பின்னால் அவன் ஜீப்பும் உட்கார்ந்தது.

தபீதாள் அம்மாள் லிவரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

சாந்தகுமார் கயிறோடு ஓடிவந்தார்.

“யோவ், நாலு சக்கரமும் போட்டியா?”

“போட்டேன் ஐயா. இழுக்கலை.”

“இழுக்கலையா? எப்படிய்யா இழுக்காம போவும்? அது இழுக்குமே!” அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

நாகேந்திரன் தன் வண்டியை ஆற்றில் இறக்கவே மறுத்துவிட்டார். கடைசியில் மணல் அள்ள வந்திருந்த ஏழுமலை, வண்டிமாடுகளை அவிழ்த்துக் கொண்டுவந்து பூட்டி, இரண்டு ஜீப்பையும் ஒவ்வொன்றாக அக்கரை சேர்த்தான். நாகேந்திரனும் கங்கையாவும் சோற்றுக் குண்டான்களைச் சுமந்துகொண்டு மணலில் நடந்தே வந்தார்கள். சட்டம் சட்டம்தான். சாந்தகுமாரும் எர்னஸ்ட்டும் வரிசையாக நின்று, “ரொம்ப உபகாரம், ஏழுமலையண்ணா” என்றார்கள். மீசை அரும்பிய ஏழுமலை வெட்கத்தில் மாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

நாகேந்திரன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “இரு, இரு. ரெண்டு பேருக்கும் ஒரே அண்ணன்னா நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. அப்போ எர்னஸ்ட்டு கிருபாவுக்குச் சித்தப்பா ஆவுதே!”

“நிறுத்துங்க!” என்றாள் தபீதாள் அம்மாள். “இழுத்தது ஏழுமலையா? மாடு இழுத்துச்சு. முறை சொல்லணும்னா மாட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. மாப்பிள்ளை, நீங்க சாப்பிட வாங்க.”

எர்னஸ்ட் தன் காதையே நம்பாமல் நின்றான். இலை போடும்போது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“லிவரை எதுக்குத் தள்ளினீங்கன்னு எனக்குப் புரிஞ்சுது.”

கிருபாபாய் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே இலைக்குத் தண்ணீர் தெளித்தாள். தூரத்தில் சாந்தகுமார் மட்டும் எர்னஸ்ட்டின் ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கங்கையா சோற்றைப் பிசைந்தபடி எர்னஸ்ட்டின் பக்கம் சாய்ந்தான்.

“ஏம் சார், அம்மா கண்ணு முன்னால நீங்க இழுத்துக் காட்டணும்னு பெரியவரு தன் வண்டி ஷாஃப்டைக் கழட்டி உங்களுக்கு மாட்டச் சொல்லிட்டு, வேணும்னே மணல்ல போய் உட்கார்ந்தாரே, அதை எதுக்கு சார் நீங்க ஆஃப் பண்ணீங்க?”