சுற்றிவர ஒரு அடி

கடலை அதுவரை இரண்டே தடவை பார்த்தவன், கடலோடப் போகும் படகுக்குப் பாய் தைத்தேன். அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

கண்டியில் என் மாமனாருக்கு, லொறிச் சரக்கை மூடிக் கட்டும் படங்குத் துணி தைக்கும் கடை. நகரசபையில் எழுதுவினைஞனாக இருந்த என்னை, மகளைக் கொடுத்த கையோடு கடைக்குள் இழுத்துக்கொண்டார். ("பேனா புடிச்ச கை கத்தரி புடிக்குமா?" என்று மாமி கேட்டது எனக்குக் கேட்டுவிட்டது.) மாமா சொல்லித் தந்தது ஒரே பாடம்: "எத வெட்டினாலும் சுத்திவர ஒரு அடி விடுங்க மாப்பிள்ள. கட்டுறதுக்கு வேணும்."

குண்டசாலை லோரன்ஸ் ஐயா, ஓய்வு பெற்ற தேயிலைத் தொழிற்சாலை எஞ்சினியர், பதினொரு வருஷமாக ஒரு படகு கட்டியிருந்தார். முன்னால் பெரிய பாய்மரம், பின்னால் சின்னது. அது காலித் துறைமுகத்தில் நின்றது. காற்று மாறுமுன் மாலைதீவுக்குப் புறப்படாவிட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். அவருக்கு வயது அறுபத்தெட்டு.

"அளவு பிசகினா என் பயணம் போச்சு தம்பி," என்று பாய்களின் படம் வரைந்த தாளைத் தந்தார். பெரிய பாய்க்கு உயரம் முப்பத்தெட்டு அடி, கீழ் ஓரம் பதினான்கு. சின்னதுக்கு இருபத்திரண்டு, ஒன்பது.

மாமா கண் ஆபரேஷன் செய்து வீட்டில் கிடந்தார். ராஜ்ஜியம் என் கையில்! கடையில் இடம் போதாமல், பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் துணியை விரித்தேன். அளவுப்படி நீலச் சோக்கால் முக்கோணம் போட்டேன். பிறகு மாமா சொன்னபடி, சுற்றிவர ஒரு அடி தள்ளி இன்னொரு கோடு போட்டு, அதில் வெட்டினேன். பெரிய பாயின் நுனி மண்டபத்து மேடையில் ஏறிப் படுத்துக்கொண்டது. (அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். தாராளமாக வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன், மடையன்.)

காலிக்குக் குடும்பமாகப் போனோம். மாமா கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். பாயை மரத்தில் ஏற்றக் கயிற்றை இழுத்தார்கள். நுனி மரத்தின் உச்சியைத் தொட்டது. கீழே ஆறரை அடித் துணி படகின் தளத்தில் குவிந்து கிடந்தது. சின்னப் பாயும் அதே லட்சணம்.

லோரன்ஸ் ஐயா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

"கண்ணு தெரியாத எனக்கே தெரியுதே மாப்பிள்ள! எங்கேருந்து வந்துச்சு இவ்வளவு?"

"கட்டுறதுக்கு மாமா... சுத்திவர ஒரு அடிதான் விட்டேன்."

"ஐயோ கடவுளே! அது லொறிக்கு! லொறி நாலு மூலை. இது கூரு முனை. ஓரத்துல ஒரு அடி கூட்டினா உச்சி எங்க போய் நிக்கும்?"

என் மனைவி கமலா மட்டும் துணியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "ஏங்க, நீலக் கோடு அழியாம அப்படியே இருக்கே. அதுதானே ஐயா தந்த அளவு?"

அதுதான். லோரன்ஸ் ஐயா எழுந்து வந்து கோட்டைத் தடவிப் பார்த்தார். மடிப்புக்கு இரண்டு விரல் விட்டு வெட்டி, நான்கு நாள் துறைமுகத்திலேயே உட்கார்ந்து எல்லோரும் கையால் தைத்தோம். மாமியும் ஊசி பிடித்தார். ஐந்தாம் நாள் காலையில் படகு புறப்பட்டது. பாய் காற்றில் நிறைந்ததும் மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். டொக்டர் கழற்றக் கூடாதென்று சொல்லியிருந்தார்.

இரண்டு மாதத்தில் மாலைதீவிலிருந்து ஒரு போட்டோ வந்தது. வெட்டிய மிச்சத் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் படகின் மேல் கூரையாகக் கட்டி, அதன் நிழலில் லோரன்ஸ் ஐயா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் எழுதியிருந்தார்: 'தம்பி, வெயிலுக்கு உங்கள் ஒரு அடிதான் காப்பாற்றுகிறது.'

மாமா அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். வீட்டில்தான் விமோசனம் இல்லை. சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டால் போதும், கமலா கரண்டியை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்ப்பாள்.

"பசிக்கா, கட்டுறதுக்கா?"