நகத்தில் தட்டிய கோடு

புராவி நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் தட்டியது.

மறுபடி தடவினார். மறுபடியும் தட்டியது. ஓட்டுநர் பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. துடைத்தால் போகிற அழுக்கு இல்லை. கீறல்.

குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். பெல்ட்டின் பித்தளைக் கொக்கி மினுங்கியது. அதன் உயரமும் கோட்டின் உயரமும் அப்படியே ஒத்துப்போயின. ‘பெல்ட் போட்டவர் வண்டி அருகே வரக் கூடாது’ என்று தன் கார் பெயின்ட் பட்டறைச் சுவரில் எழுதி மாட்டியிருப்பவரே அவர்தான்.

வண்டி 1967-ஆம் வருஷத்து பெஜோ கார். சொந்தக்காரர் பல் டாக்டர் ஸுஹைரா. எந்த வெள்ளை வேண்டும் என்று கேட்டதற்கு, செயற்கைப் பல்லுக்கு நிறம் பார்க்கும் மாதிரிப் பற்களைக் கொத்தாகக் கொண்டுவந்து மட்கார்டில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்த பெண்மணி.

“டாக்டரம்மா, அந்தக் காலத்துல எந்த வண்டியும் கண்ணாடி மாதிரி வந்ததில்ல. ரோட்டுல ஓடுற வண்டிக்கு இவ்வளவு போதும்” என்று புராவி ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார்.

“பல்லுல ஒரு மயிரிழை தூக்கலா இருந்தாலே மனுஷனுக்குச் சோறு இறங்காது, புராவி. ‘போதும்’ங்கிற வார்த்தையே நமக்குள்ள வேணாம்.”

பானெட்டை மூன்று தடவை சுரண்டவைத்து, மூன்று தடவை அடிக்கவைத்தார். மூன்றாவது தடவை அதில் தன் மீசையின் நரை தனித்தனியாகத் தெரிந்தபோது புராவிக்கே உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு வேலை தன் கையிலிருந்து வரும் என்று அவரே நினைத்ததில்லை. அன்று முதல் டாக்டரைவிட அவருக்குத்தான் கர்வம் அதிகம். வண்டியை ஒப்படைத்த பிறகும், வியாழக்கிழமைதோறும் யாரும் கூப்பிடாமலே வந்து, டாக்டர் கொடுத்த சாவியால் ஷெட்டைத் திறந்து, போர்வையை விலக்கி, நாலு பக்கமும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். பிஸெர்த் நகரத்தில் அவர் இந்த வண்டியைப் பற்றிப் பேசாத காபிக்கடை கிடையாது.

நாளை மறுநாள் தலைநகர் தூனிஸிலிருந்து ஒரு பெரிய மனிதர் இதைப் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் தன்னுடைய மூன்று பழைய வண்டிகளையும் புராவியிடமே விடுவதாகப் பேச்சு.

இந்த நேரத்தில்தான், இன்று வந்து போர்வையை விலக்கினால் கீறல். டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மூன்று மணிக்கு வருவார். இப்போது மணி எட்டு.

மெழுகு போட்டுத் தேய்த்தார். போகவில்லை. நயம் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தார். கோடு மங்கியது. உற்சாகத்தில் இன்னும் நாலு தேய் தேய்த்தார். கோடு போயே போய்விட்டது. கூடவே பெயின்ட்டும் போய், காசு அளவுக்கு அடிப்பூச்சு சாம்பலாகச் சிரித்தது.

பக்கத்துப் பட்டறை லஸ்ஸாதுக்குப் போன் போட்டார். “டேய், மிச்சமிருக்கிற வெள்ளையை எடுத்துக்கிட்டு ஓடியா. கம்ப்ரஸரும் வேணும். சூடு காட்டுற விளக்கும் வேணும்.”

“யாருக்குப் பிரசவம்?”

“வாடான்னா!”

லஸ்ஸாத் வந்து, காசளவு சாம்பலைப் பார்த்தான். பிறகு புராவியின் இடுப்பைப் பார்த்தான்.

“பெல்ட்டோடயா வந்தே?”

“அதைப் பத்திப் பேசாதே.”

“இல்ல, சுவத்துல எழுதி வச்சிருக்கியேன்னு...”

“பேசாதேங்கிறேன்ல!”

அந்த இடத்துக்கு மட்டும் அடித்தார்கள். டப்பாவில் கிடந்த பெயின்ட் ஒரு நூல் மஞ்சளாகியிருந்தது. காய்ந்ததும் கதவின் நடுவில் டீக்கறை மாதிரி தெரிந்தது.

“தள்ளி நின்னு பார்த்தா தெரியல” என்றான் லஸ்ஸாத்.

“எவ்வளவு தள்ளி?”

“கடல்கிட்ட.”

வேறு வழியில்லை. புதிதாகக் கலந்து கதவு முழுக்க அடித்தார்கள். இந்த முறை கை நன்றாகப் பேசியது. ஆனால் பக்கத்து மாடியில் ஒரு பெண்மணி சரியாக அந்த நேரம் பார்த்துக் கம்பளத்தை உதறினார். ஈரக் கதவில் தூசி கடுகு தாளித்ததுபோல் உட்கார்ந்தது.

“அம்மா! ஒரு மணி நேரம் பொறுத்துக்கக் கூடாதா?”

“என் கம்பளம், என் மாடி! உனக்கென்ன?” என்று இன்னும் இரண்டு உதறு உதறினார்.

தேய்த்தார்கள். ஷெட் கதவைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, மறுபடி அடித்தார்கள். சூடு காட்டி, மெருகு போட்டு முடித்தபோது மணி பன்னிரண்டரை. லஸ்ஸாத் வாயைப் பிளந்தான்.

“புராவி, இது கதவு இல்லடா. பால்.”

புராவியும் பார்த்தார். நெஞ்சு விம்மியது. உடனே முகம் விழுந்தது. முன்பு எட்டு மாதம் பாடுபட்டு அடித்ததைவிட இது நன்றாக இருந்தது. பக்கத்தில் முன் மட்கார்டும் பின்கதவும் ஏழை உறவினர்கள் மாதிரி நின்றன.

“அதையும் அடி” என்றார்.

அதையும் அடித்தார்கள். மதியச் சாப்பாடு இல்லை, ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் இடது பக்கம் முழுக்க ஜொலித்தது. வலது பக்கம் சும்மா அழகாக மட்டும் இருந்தது.

“இப்ப அந்தப் பக்கம்?” என்றார் புராவி பரிதாபமாக.

“எந்த மனுஷனாலயும் வண்டியோட ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல பார்க்க முடியாது. சாமானை எடு” என்று லஸ்ஸாத் விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினான்.

முன்வாசலில் பேச்சுக் குரல். டாக்டர் ஸுஹைரா, கணவர் ஷுக்ரி, இரண்டு பெண் பிள்ளைகள். துண்டு, பாய், கடற்கரைக் குடை, ஒரு பெரிய தர்பூசணி. புராவியை அங்கே பார்த்ததும் டாக்டர் தயங்கினார். பிறகு நேராக ஓட்டுநர் பக்கக் கதவுக்குப் போய்க் குனிந்தார்.

புராவி மூச்சைப் பிடித்துக்கொண்டார். வாசனை அடிக்கிறதோ?

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பிடிக்குக் கீழே விரலால் தடவினார். நகத்தால் தடவினார். நகம் எதிலும் தட்டவில்லை. பனிக்கட்டியில் சறுக்குவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது.

“எங்கே?” என்றார் மெல்ல.

“எது டாக்டரம்மா?” புராவியின் மார்பு தானாக நிமிர்ந்தது. “நீங்க பூதக்கண்ணாடி கொண்டுவந்து தேடினாலும் இந்த வண்டியில ஒண்ணும் கிடைக்காது. கை யாரோடது!”

டாக்டர் கார்ச் சாவியைக் கைப்பைக்குள் போட்டு மூடினார். தரையில் கிடந்த போர்வையை எடுத்து, வண்டியின் மேல் பூப்போலப் போர்த்த ஆரம்பித்தார். பெண்கள் இருவரும் பாயைப் பொத்தென்று கீழே போட்டார்கள்.

ஷுக்ரி தர்பூசணியை இறக்கிவைத்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “என்ன காரியம் அண்ணே பண்ணிட்டீங்க... ‘ஒரு கோடு விழுந்துட்டா அப்புறம் பயமில்லாம ஓட்டிருவேன்’னு, நேத்து சாயங்காலம் அவளே கண்ணை மூடிக்கிட்டு சாவியால கீறினது அது!”