அரைபட்ட அரையாண்டு

"டீச்சர், இது என் கையெழுத்து டீச்சர்."

எட்டாம் வகுப்பு ரேணுகா கூழ்த் தொட்டியிலிருந்து கையை எடுத்து நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு ஈரக் காகிதத் துண்டு. அதில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது: "எனவே, விடை ஏழரைப் பசுக்கள்."

டிராயிங் டீச்சர் கனகவல்லி குனிந்து பார்த்தாள். "ஏதாவது பழைய நோட்டா இருக்கும்மா."

"இல்ல டீச்சர், அரைப் பரீட்சை. கணக்குல நாலாவது கேள்வி. கிளாஸ்ல எனக்கு மட்டும்தான் ஏழரை வந்துச்சு."

கனகவல்லி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒரு துண்டில் முக்கோணம். இன்னொன்றில் வட்டிக் கணக்கு. மைப்பேனாவில் எழுதியதெல்லாம் கரைந்து தண்ணீரையே வெளிர் நீலமாக்கியிருந்தது. பால்பாயின்ட் பேனாக்காரர்கள் மட்டும் பிடிவாதமாக மிஞ்சியிருந்தார்கள்.

அரையாண்டுத் தேர்வுக் கணக்குத் தாள். மொத்த வகுப்பையும் ஊறவைத்து அரைத்தாகிவிட்டது.

அது எண்பத்தெட்டாம் வருஷம், பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் அன்று பிள்ளைகளே காகிதம் செய்து, அதில் பிள்ளைகளே அச்சடிக்கும் பயிற்சி. உடைந்த சிலேட்டுச் சட்டங்களில் கொசுவலைக் கம்பியை ஆணியடித்துச் சல்லடை தயார். தேய்ந்த ரப்பர் செருப்பை வெட்டி அச்சுக் கட்டைகள் தயார். தாம்பரத்திலிருந்து தன் வீட்டு மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள் கனகவல்லி.

சாயங்காலம் தாளாளர் முனிரத்தினம் பார்வையிட வருகிறார். பிடித்துவிட்டால், பின்பக்கம் பூட்டிக்கிடக்கும் அறையைத் திறந்து கொடுப்பார். வாராவாரம் அங்கே பயிற்சி நடத்தலாம். பிடிக்காவிட்டால், அடுத்த வருஷம் முதல் டிராயிங் பீரியடெல்லாம் கணக்குக்குப் போய்விடும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார்.

பழைய காகிதம் வேண்டும் என்று பியூன் துலுக்காணத்திடம் கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஒரு சாக்கு நிறையக் கிழித்த காகிதம் வந்தது. வேலை மிச்சம் என்று சந்தோஷமாகத் தொட்டியில் கொட்டச் சொன்னாள். இப்போது கேட்கலாமென்றால், துலுக்காணம் மாலையும் சோடாவும் வாங்கத் தாம்பரம் போயிருந்தான்.

"யாரும் யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றாள் பிள்ளைகளிடம். "துண்டெல்லாம் பொறுக்கி எடுங்க. காயவெச்சு ஒட்டிடலாம்."

பொறுக்கினார்கள். கொசுவலையில் பரப்பி மைதானத்தில் வெயிலில் வைத்தார்கள். சொல்லிவைத்தாற்போல் ஒரு காற்று வந்தது. எட்டாம் வகுப்பின் அல்ஜீப்ரா மொத்தமும் எழுந்து பறந்தது. பிள்ளைகள் குதித்துக் குதித்துப் பிடித்தார்கள்.

ஒரு துண்டு மட்டும் நேராகப் போய் ஒரு சட்டைப் பையின் மேல் ஒட்டிக்கொண்டது. சட்டைக்குள் இருந்தவர் கணக்கு வாத்தியார் லாசரஸ்.

லாசரஸ் சார் துண்டை எடுத்தார். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு நடந்து வந்து, அதைத் தொட்டிக்குள் போட்டார்.

"உங்களோடதுதானே டீச்சர்? நடக்கட்டும், நடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனார்.

மூக்குக்கண்ணாடி போடாமல் வந்திருக்கிறார் என்று கனகவல்லி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். ஆனாலும் பயம் விடவில்லை. "எல்லாத்தையும் மறுபடியும் மிக்ஸியில போடுங்க. ஒரு எழுத்து தெரியக்கூடாது."

"ஒட்டலாம்னீங்களே டீச்சர்?"

"ஒட்டவும் வேணாம், ஒண்ணும் வேணாம். அரைங்க!"

அவசரத்தில் ஜாடியைக் கழுத்துவரை அடைத்தார்கள். மிக்ஸி ஒருமுறை முனகியது, பிறகு புகைந்தது. டப்பென்று பள்ளிக்கூடம் முழுக்க ஃப்யூஸ் போயிற்று.

இனி அரைக்க வழியில்லை. இருக்கிற கூழை அப்படியே சல்லடையில் வாரி, துணியில் ஒற்றி, தெருமுனை இஸ்திரிக்காரரின் கரிப்பெட்டியை இரவல் வாங்கித் தேய்த்து எடுத்தார்கள். காகிதம் அருமையாக வந்தது. வானத்தைப் போல வெளிர் நீலம். அந்த வானம் முழுக்கக் கணக்கு.

"எங்கெங்க நம்பர் தெரியுதோ, அங்கெல்லாம் ஒரு பூ அச்சடிங்க," என்றாள் கனகவல்லி. 

செருப்புக் கட்டையால் அடித்தார்கள். வெண்டைக்காயை நறுக்கி அடித்தார்கள். நம்பர் தீரவில்லை, பெயின்ட் தீர்ந்துகொண்டே வந்தது. தண்ணீர் ஊற்றி இழுத்தாள். தண்ணிப் பெயின்ட் காய்ந்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மறைக்க வேண்டிய நம்பர் ஒவ்வொன்றும் இப்போது ஒரு பூவின் நடுவில் பொட்டு வைத்தாற்போல் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

"முன்னாடிகூட இவ்வளவு தெளிவா தெரியல டீச்சர்," என்றாள் ரேணுகா.

வாசலில் கார் வந்து நின்றது. தாளாளர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

முனிரத்தினம் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடம் நிற்கிற இடமே அவர்களுடைய கழனியாக இருந்ததுதான். கொடியில் தொங்கிய காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஹெட்மாஸ்டரும் பின்னால் வந்து நின்ற லாசரஸ் சாரும் எட்டிப் பார்த்தார்கள். கனகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னாம்மா இது? ஏழரைப் பசுக்கள்னு கீது?"

ஹெட்மாஸ்டர் கனகவல்லியைப் பார்த்தார்.

"அரைப் பசு எந்தப் பக்கம்மா? புல்லு திங்கிற பக்கமா, பால் கறக்கிற பக்கமா?" என்று கேட்டுவிட்டு, அவரே விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் காகிதத்தைத் தடவிப் பார்த்தார். "பூவுக்குள்ள கணக்கு! காயிதத்துக்குள்ள எழுத்து! மெட்ராஸ் பூரா தேடினாலும் கெடைக்காதே இது. நம்ம புள்ளைங்களா பண்ணிச்சு? எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகை இதுலதான். ஹெட்மாஸ்டர் சார், அந்த ரூம் சாவிய எடுத்தாங்க."

சாவி கனகவல்லியின் கைக்கு வந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. ஆனால் அவளுக்கு அந்தச் சாவி சுட்டது. இப்போது வாயை மூடிக்கொண்டால் வாழ்நாள் முழுக்க லாசரஸ் சாரின் முகத்தில் விழிக்க முடியாது.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள். "இது பழைய பேப்பர் இல்ல. லாசரஸ் சாரோட அரையாண்டு விடைத்தாள். தெரியாம அரைச்சுட்டோம். தப்பு என்னுதுதான். பிள்ளைங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

ஹெட்மாஸ்டரின் முகம் கறுத்தது. "திங்கட்கிழமை மார்க் கொடுக்கணுமே! லாசரஸ், திருத்தியாச்சா?"

"இன்னும் தொடக்கூட இல்ல சார்," என்றார் லாசரஸ். சொல்லிவிட்டுப் பக்கத்து பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"பிள்ளைங்க எவ்வளவு உழைச்சு எழுதினாங்க," என்றார். "சரி, போகட்டும். கலை வளர்ந்தா போதும். கால் பரீட்சை மார்க்கையே போட்டுடலாம் சார். டீச்சர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

அந்த மைதானமே கை தட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவள் ரேணுகா. முனிரத்தினம் லாசரஸைக் கட்டிப்பிடித்து, "உன்னிய மாதிரி மனுசன் இந்தக் காலத்துல ஏதுப்பா!" என்றார். இருப்பதிலேயே அழகான காகிதத்தைக் கனகவல்லி இரண்டு கையாலும் லாசரஸ் சாருக்குக் கொடுத்தாள். அவருடைய தேர்வுக் கண்காணிப்பு வேலையெல்லாம் இனி தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

மாலையும் சோடாப் பெட்டியுமாகத் துலுக்காணம் வந்து சேர்ந்தபோது கார் கிளம்பிவிட்டிருந்தது. கொடியில் ஆடிய காகிதங்களை வாய் பிளந்து பார்த்தான். லாசரஸ் சாரைக் காட்டிக் கனகவல்லி, "இந்த மாதிரி ஒரு நல்ல மனுஷன் கிடைக்க மாட்டார், துலுக்காணம்," என்றாள்.

"அத்த என்னாண்ட சொல்றீங்களே டீச்சர்!" என்றான் துலுக்காணம். "வெள்ளிக்கெழம அந்தப் பரிச்சைக் கட்டு மொத்தத்தையும் அவரே குந்திகினு கிழிச்சு, அவரே சாக்குல போட்டு, 'டீச்சராண்ட குடு, பாவம், காயிதம் இல்லாம கஷ்டப்படுறாங்க'ன்னு குடுத்தாரே!"