முலாமா, ஸ்லீவா?

உயிர் உள்ளவரை வண்டியை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அவர் சபதம் எடுத்தது லேத் பட்டறையில், ஒரு எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்திருந்தபோது. யாருக்கும் என்றால் மனைவிக்கு. வேறு யாரும் அந்தக் கிழட்டு டூ-ஸ்ட்ரோக் பைக்கைக் கேட்கவில்லை.

அவருக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அந்த வேலையில் ஒரு கெடுதல் உண்டு. எதைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துவிடும். எப்போதோ இன்ஜின் பழுதுபார்ப்பது பற்றிய புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. அன்றிலிருந்து உலகத்து இன்ஜின்கள் எல்லாம் தன்னைக் கேட்டுத்தான் ஓடுகின்றன என்ற நினைப்பு அவருக்கு.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரவேண்டும். பஸ் பிடித்து, இறங்கி, நடந்து, மாடி ஏறி, மறுபடி பஸ் பிடித்து அலுத்துப்போனாள். சத்தமில்லாமல் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். வாங்கிய கையோடு கேட்டாள்:

"வண்டிய எனக்குக் குடுங்களேன். உங்க அச்சகத்து வாசல்லயே பஸ் நிக்குது."

"பஸ் எனக்கு ஆகாது. ஏறினாலே தலை சுத்தும்."

"கல்யாணமான புதுசுல பஸ்ல நின்னுக்கிட்டே தூங்குவீங்களே."

நியாயத்துக்குப் பதில் கிடைக்காதபோது மனிதன் வாக்குக் கொடுத்துவிடுகிறான். "இன்ஜின் இப்போ கொஞ்சம் சரியில்ல. சரி பண்ணினதும் நீயே வெச்சுக்கோ" என்றார். இன்ஜின் அப்போது நன்றாகத்தான் இருந்தது.

அவர் வாய் முகூர்த்தம், அடுத்த மாதமே வண்டி மேடு ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. புகையை மட்டும் தாராளமாக விட்டது. லேத்துக்காரர் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"உள்ள இருந்த முலாம் உரிஞ்சு போச்சு சார். ரெண்டு வழிதான். துளையைக் கொஞ்சம் பெருசாக் கடைஞ்சு, குழாய் மாதிரி இரும்பு ஸ்லீவ் ஒண்ண உள்ள இறக்கலாம். இங்கயே, இந்த வாரமே முடிஞ்சிடும். இல்லேன்னா பழையபடி முலாம் பூசணும். அதுக்கு வெளியூர் ஃபேக்டரிக்கு அனுப்பணும். ரெண்டு மாசம் ஆகும். மூணும் ஆகும்."

'மூணும் ஆகும்' என்பது அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. சரியாகாத வண்டியை யார் யாருக்குக் கொடுப்பது? அதற்குள் அவள் மறந்துவிடுவாள். இல்லாவிட்டால் ஃபேக்டரி மறந்துவிடும். எண்ணெய் டின்னிலிருந்து ராஜா மாதிரி எழுந்தார்.

"முலாமே பூசிடலாம்."

வீட்டில் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னார். மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஸ்லீவ் போட்டா என்னவாம்?"

"ஸ்லீவா? சிலிண்டர் அலுமினியம், ஸ்லீவ் இரும்பு. ரெண்டும் ஒரே மாதிரி சூடாகாது. ஒரு வீட்டுல ரெண்டு அதிகாரம் மாதிரி."

"நம்ம வீட்டுல ஒண்ணுதானே."

அவர் அதைக் காதில் வாங்காமல் மேலே போனார். ஸ்லீவை இன்றோடு ஒழித்துக்கட்டிவிட வேண்டும் என்ற வேகம். "போட்டாலும் சும்மா ஓட்டிட முடியாது. பச்சைக் குழந்தை மாதிரி பழக்கணும். வேகமே கூடாது. ஆக்ஸிலேட்டர ஒரு தடவ முறுக்கினாப் போதும், பிஸ்டன் அப்படியே பிடிச்சுக்கும்."

"எவ்வளவு தூரத்துக்குங்க?" இது அவள் ஊசி குத்துவதற்கு முன்னால் நோயாளிகளிடம் பேசும் குரல். மெதுவாக, இதமாக இருக்கும். அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

"ஆயிரம் கிலோமீட்டர்."

"பாரம் ஏத்தலாமா?"

"மூச்! ஓட்டற ஆளே ஒல்லியா இருந்தாத்தான் நல்லது. அதுக்குன்னு பட்டு மாதிரி ஒரு கை வேணும். எவனுக்கு இருக்கு அந்தக் கை?"

"எவனுக்கும் இல்லதான்" என்று ஒப்புக்கொண்டாள். "அப்போ முலாமே பூசுங்க. உங்களுக்குத் தெரியாததா."

இவ்வளவு சுலபமாக ஜெயித்து அவருக்குப் பழக்கமில்லை. அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே தொடர்ந்தாள். "பஸ்தான் உங்களுக்கு ஆகாதே. அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். மூணு மாசமும் அவனே தன் வேன்ல கூட்டிட்டுப் போறானாம்."

அண்ணன் மெத்தை வியாபாரி. மறுநாள் காலையில் வேன் வந்தது. மச்சான் சிரித்தபடி கதவைத் திறந்தார். "வாங்க மாப்ள. போற வழியில ஒரே ஒரு இடத்துல இறக்கணும்."

அந்த ஒரே ஒரு இடம் மூன்றாவது மாடியில் இருந்தது. "மாப்ள, அந்த முனைய மட்டும் ஒரு கை பிடிங்க." படி திரும்புகிற இடத்தில் மெத்தை திரும்ப மறுத்தது. அவர் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் நின்று தன் வாழ்க்கையை நினைத்துப் பார்த்தார். அச்சகத்துக்குப் போனபோது மீசையில் பஞ்சு. அடுத்த நாளும் ஒரே ஒரு இடம்தான், ஆனால் இரட்டைக் கட்டில் மெத்தை. வாரக் கடைசியில் மச்சான் மனதாரப் பாராட்டினார். "உங்க உடம்புக்குள்ள இவ்வளவு பலம் இருக்கும்னு நினைக்கவே இல்ல மாப்ள. அடுத்த வாரம் ஒரு விடுதிக்கு ஆர்டர் எடுத்திருக்கேன்."

அன்று மாலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனார்.

"சிலிண்டர் ஃபேக்டரிக்குப் போயிடுச்சா?"

"இல்ல சார், இங்கதான் இருக்கு. உங்க சம்சாரம், நம்ம தங்கச்சி வந்து, 'அவர் மனசு மாறுவார், ஒரு வாரம் பொறுங்க அண்ணே'ன்னு சொல்லிட்டுப் போச்சு. ஸ்லீவுகூட வாங்கி வெச்சுட்டேன்."

வேறு நாளாக இருந்தால் இதை யோசித்திருப்பார். இடுப்பு வலியில் நன்றிதான் வந்தது. "போடுங்க" என்றார்.

லேத்துக்காரர் சிலிண்டரைக் கடைந்து, சூடாக்கி, ஐஸில் வைத்திருந்த ஸ்லீவை உள்ளே விட்டார். தானாகவே நழுவி இறங்கி உட்கார்ந்துகொண்டது. புது பிஸ்டனும் மாட்டி, இரண்டு நாளில் தயார் என்று சொல்லி அனுப்பினார். வண்டி எடுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போனார்கள். ஒரே உதை. இன்ஜின் மணி மணியாகப் பேசியது. புகை இல்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. உண்மையிலேயே அந்த வண்டி மேல் அவருக்கு அத்தனை ஆசை. கையை நீட்டினார்.

சாவி மனைவியிடம் இருந்தது. ஹெல்மெட் ஏற்கெனவே தலையில் இருந்தது.

"இன்ஜின் சரியானதும் எனக்குன்னு சொன்னீங்க. நீங்க சொன்ன சொல் காப்பாத்தற மனுஷன்."

"சொன்னேன், இல்லேங்கல. மொதல்ல நான் கொஞ்ச நாள் ஓட்டிப் பழக்கித் தரேன்."

லேத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே தயங்கினார். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்களது முறுக்கற கை. இருந்த முலாம் உரிஞ்சதே அதனாலதான். தங்கச்சி எனக்கே ரத்தம் எடுத்திருக்கு. குத்தினதே தெரியல."

அவர் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். ஆயிரம் கிலோமீட்டர், ஒல்லியான ஆள், பட்டு மாதிரி கை. எல்லாமே அவர் வாயிலிருந்து வந்தவை. அவர் படித்துத் திருத்திய புத்தகத்தில் இருந்தவை. எங்கே தேடியும் ஒரு பிழை அகப்படவில்லை.

மனைவி வண்டியை நகர்த்தினாள். அவர் கூடவே நாலு எட்டு நடந்தார். குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"சரி, நீயே ஓட்டு. நான் பின்னாடி உக்காந்துக்கறேன். என்னை மட்டும் வீட்டுல இறக்கி விட்டுடு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பார்வையில் பாசம் இருந்தது.

"ஆயிரம் கிலோமீட்டருக்குப் பாரம் ஏத்தக் கூடாதுங்க."