தொட்டி அண்ணாச்சியும் என் இரண்டாவது பிரசவமும்

காற்றடித்தால் எழுந்து நிற்கும் ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் தொட்டியைத் தேருக்குச் சமமாக மதித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் தூத்துக்குடியில்தான் இருக்கிறார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையூரணியில் சேர், ஷாமியானா, அண்டா, அடுப்பு எல்லாம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார். போர்டில் இருந்த பெயரை வெயில் தின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் அவர் தொட்டி அண்ணாச்சி. கப்பல் சங்கு மாதிரிக் குரல். ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அவர் மகள், வீட்டிலேயே தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பிள்ளை பெற்றாள். துணைக்குப் போன அண்ணாச்சி அடுப்படியில் நின்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தாராம். உள்ளேயிருந்து அலறல் வரும் வரும் என்று காத்திருந்தவருக்குக் கேட்டது, மகள் மெதுவாக முனகிப் பாடிய பாட்டு.

"எம்பொண்டாட்டி பெத்தப்ப போட்ட சத்தம் துறைமுகத்துல நிக்க கப்பலுக்குக் கேட்டுது. இவ பாட்டுல்லா பாடுதா!" என்று சொல்லும்போது அந்தச் சங்குக் குரலே கொஞ்சம் இறங்கிவிடும்.

ஊர் திரும்பும்போது அதே மாதிரித் தொட்டி ஒன்றை வாங்கி வந்தார். விமான நிலையத்தில் அதிகாரி, "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

"பிள்ளை பெறுத தொட்டி."

"யாருக்கு?"

"ஊருக்கு."

கடையில் அந்தத் தொட்டிக்குத் தனி அலமாரி. வெள்ளை வேட்டியில் சுற்றி, மேல்தட்டில் இருக்கும். துக்க வீட்டுக்குப் போய் வரும் சேர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஒரு பெரிய இடத்துப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு, குழந்தைகள் குதித்து விளையாட அதைக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. அண்ணாச்சி எழுந்து நின்று, "பிறந்தநாளுக்கு இல்லலே, பிறக்கதுக்கு!" என்று போட்ட சத்தத்தில் வந்தவர் ஓடியே போய்விட்டார்.

இன்னொருவர், நர்ஸெல்லாம் வேண்டாம், செல்போனில் வீடியோ பார்த்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று வந்தார். அவரை அண்ணாச்சி திட்டவில்லை. லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கெஞ்சி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், பிள்ளை பிறக்கும்வரை வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். தொட்டியை வைத்திருந்த மனிதர்தான், கண்டவர்களுக்கு அதைக் கொடுக்காமல் காத்தவரும்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் இரண்டாவது பிரசவத்துக்கு. முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரி இரும்புக் கட்டிலில் மல்லாக்கப் போட்டு, "கத்தாதம்மா, உனக்கு மட்டுமா வலிக்குது?" என்று அதட்டினார்கள். மகன் நல்லபடியாகப் பிறந்தான். ஆனால் அந்தக் கட்டிலின் குளிர் என் முதுகை விட்டுப் போகவில்லை. இந்தத் தடவை எல்லாம் சரியாக இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். மருத்துவச்சிப் படிப்பு படித்த ரெமிஜா சிஸ்டர் கூடவே இருந்தால் வீட்டில் பெறலாம், ஏதாவது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று சம்மதித்தார். ரெமிஜா சிஸ்டர் பெரியதாழைக்காரர். கடற்கரைக்காரர்களுக்கே உரிய கறார்.

"தொட்டி ஒரே ஒருத்தர்கிட்டதான் இருக்கு. ஆனா ஒம் மாப்பிள்ளை பரீட்சை எழுதணும், ளா" என்றார், பெண்களை உரிமையோடு கூப்பிடும் அவர் ஊர் 'ளா'வைச் சேர்த்து.

என் கணவர் செல்வின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலிலிருந்து கன்டெய்னரைப் பூப்போல இறக்குவார். அண்ணாச்சி முன்னால் வியர்த்துப் போனார்.

"டாக்டரம்மா சரின்னுட்டாவளா?"

"சொல்லிட்டாங்க அண்ணாச்சி."

"வாசல்ல காரு நிக்குமா?"

"கூப்பிட்டா வரும்."

"கூப்பிட்டா வாரது காரு இல்ல தம்பி. நிக்கதுதான் காரு. டிரைவரு சீட்டுல இருக்கணும். வீடு எங்கன?"

"முத்தையாபுரம். மாடி வீடு."

"மாடியா?" என்றவர் அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் என்னைப் பார்த்து, "தாயி, நீ உக்காரு" என்றார். பிறகு எங்கள் ஹாலின் நடுவில் நின்று தொம் தொம்மென்று குதித்தார். திருப்தி இல்லை. தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்த லோடுமேன்கள் அத்தனை பேரையும், "ஏலே, மேல வாங்கலே" என்று கூப்பிட்டு, நெருக்கியடித்து நிற்க வைத்து எல்லாரையும் ஒரே நேரத்தில் குதிக்கச் சொன்னார்.

கீழ் வீட்டில் எங்கள் வீட்டு ஓனர் இருந்தார். ரிட்டயரான கணக்கு வாத்தியார், ஆழ்வார்திருநகரிக்காரர், சத்தமாகத் தும்மினாலே மன்னிப்புக் கேட்கும் சுபாவம். தலையில் சுண்ணாம்போடு மேலே ஓடி வந்தார்.

"என்ன நடக்கறது இங்கே?"

"பிரசவத்துக்கு ஏற்பாடு சார்" என்றார் அண்ணாச்சி.

சார் லோடுமேன்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "இவா எல்லாருக்குமா?"

தளம் தாங்கும் என்று தெரிந்த பிறகு தண்ணீர்ப் பரீட்சை. எங்கள் குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் விட்டவர் முகம் கோணிவிட்டது. "உப்பு! பிள்ளை பெறணுமா, கருவாடு போடணுமா?" என்று கேட்டுவிட்டு, நல்ல தண்ணீர் லாரிக்குச் சொன்னார். அதற்கும் மேல், ஒருநாள் ஒத்திகை. புது உள்விரிப்பு போட்டு, தொட்டியை நிரப்பி, ஆள் இறங்கினாலும் தாங்குகிறதா என்று பார்க்கச் செல்வினை உள்ளே இறக்கினார். முந்தின நாள் ஷிப்டு முடித்து வந்த செல்வின் வெதுவெதுப்பில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். "பாத்தியா தாயி? ஆம்பளையே அடங்கிட்டான்" என்றார் அண்ணாச்சி, பரவசமாக.

வலி ஒரு காலைப்பொழுதில் வந்தது. அன்றைக்கென்று கரண்ட் இல்லை, ஹீட்டர் இல்லை. அண்ணாச்சி அசரவில்லை. கல்யாண அடுப்பும் பிரியாணி அண்டாவும் மொட்டைமாடிக்கு ஏறின. தெருவில் போனவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்து, "என்ன விசேஷம் அண்ணாச்சி?" என்றார்கள்.

"வெந்நி!"

"வெந்நிக்கா இவ்ளோ பெரிய அண்டா?"

"குளிக்கது ரெண்டு பேருல்லா!"

சார், முன்னெச்சரிக்கையாகத் தன் மனைவியோடு எதிர்வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். கார் வந்து நின்றது. டிரைவர் சீட்டை விட்டு இறங்கக்கூடாது என்பதால் அவருக்கு இட்லி ஜன்னல் வழியாகப் போனது.

திரை கட்டி மறைத்த எங்கள் ஹாலுக்குள் அண்ணாச்சி ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. திரைக்கு வெளியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, சிஸ்டர் "சூடு" என்றால் ஒரு வாளியை உள்ளே தள்ளுவார். "போதும்" என்றால் இழுத்துக்கொள்வார்.

தண்ணீருக்குள் இறங்கிய அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்ல? இடுப்பில் சுமந்த பாறாங்கல்லை யாரோ கைநீட்டி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. வலி இருந்தது. ஆனால் அதோடு சண்டை போட வேண்டியிருக்கவில்லை. அண்ணாச்சியின் மகள் ஏன் பாடினாள் என்று எனக்குப் புரிந்தது.

சிஸ்டர் அவ்வப்போது ஒரு சிறு கருவியைத் தண்ணீருக்குள்ளேயே என் வயிற்றில் வைத்து, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்பார். குதிரை ஓடுகிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று தளர்ந்தது. குதிரை நடந்தது. சிஸ்டர் முகம் மாறியது.

"எந்திரி. வெளிய வா, ளா."

"மாட்டேன்" என்றேன். எனக்கு வெளியே என்றால் அந்த இரும்புக் கட்டில்தான். செல்வின் கையைப் பிடித்தார், உதறினேன். தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் மறுபடி அதட்டினார். நான் அசையவில்லை.

அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவு மெதுவாக அண்ணாச்சி பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"தாயி, அது வெறும் பிளாஸ்டிக்கு தாயி. காத்தப் புடுங்கினா ஒண்ணுமில்ல. அதுக்குள்ள பெத்தாத்தானா பிள்ள? சிஸ்டர் சொல்லுதாவல்லா, எந்திரி."

வேட்டியில் சுற்றிப் பூட்டி வைத்துக் காத்த தொட்டி அது. அதை ஒரு மூச்சில் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டார், முகம் தெரியாத என் பிள்ளைக்காக. என் கைகள் தானாக விளிம்பை விட்டன.

செல்வின் கழுத்தைப் பிடித்து எழுந்து, கீழே விரித்திருந்த மெத்தையில் கையும் காலும் ஊன்றி மண்டியிட்டேன். சிஸ்டர் மறுபடி கருவியை வைத்தார். நடந்துகொண்டிருந்த குதிரை தயங்கி, பிறகு பாய்ந்து ஓட ஆரம்பித்தது. நான் அழுதேன். கீழே கார் எஞ்சின் உறுமியது. "எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்று சிஸ்டர் சொல்லி முடிக்கவில்லை, என் மகள் தொட்டிக்குப் பக்கத்தில், காய்ந்த மெத்தையில் வந்து விழுந்து, அண்ணாச்சிக்கே சவால் விடும் குரலில் வீரிட்டாள்.

தெருவே கைதட்டியது. எதிர்வீட்டு வாசலிலிருந்து சார், "தளம் இருக்கோன்னோ?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

என்னைத் துடைத்து, போர்த்தி, பிள்ளையை நெஞ்சில் போட்ட பிறகு, பரிசோதனைக்காக ஆஸ்பத்திரி கிளம்பும் முன் அண்ணாச்சியை உள்ளே கூப்பிட்டோம். வரமாட்டேன் என்றார். சிஸ்டர் அதட்டியதும் வந்தார். வேட்டியெல்லாம் கரி, முகமெல்லாம் ஈரம். அடுப்புப் புகை என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.

"பிள்ளையைப் பாருங்க அண்ணாச்சி" என்று செல்வின் போர்வையை விலக்கினார்.

அண்ணாச்சி பிள்ளையைப் பார்க்கவில்லை. என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளைய ஊரே பாக்கும். நீ நல்லாருக்கியா தாயி?"

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எத்தனையோ பேர் வந்தார்கள். பிள்ளை யார் ஜாடை, என்ன நிறம், என்ன எடை என்று கேட்டார்கள். என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். இப்போதும் அவர் சேர் ஏற்றிய ஆட்டோவை எங்கள் தெருவில் நிறுத்தி, ஊருக்கே கேட்கும்படி அதையே கேட்பார். மற்றவர்களுக்கெல்லாம் "நல்லாருக்கேன்" என்று சொல்லிவிடுவேன். அவரிடம் மட்டும் நின்று நிஜத்தைச் சொல்வேன்.