வரியும் கழியும், பொழுதும் கழியும்

இந்த வருஷம், லேசில் யாருக்கும் சிக்காத அந்த ராட்சச மஸ்கி மீன் ஒன்றையாவது பிடிக்காமல் திரும்புவதில்லை என்று சபதம் செய்தேன். லவெர்னை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போவது என்பது சபதத்தின் இரண்டாம் பாகம். அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு உயிர்மேல் ஆசை உண்டு. லவெர்ன் என் மனைவி.

வடக்கு விஸ்கான்சினில் ஏரிக்கரையோரம் எங்களுக்கு ஒரு மரவீடு. வாடகைக்கு விடுகிறோம். அதை ரிப்பேர் பார்க்கப் போனால் பெட்ரோல் செலவை வரியில் கழிக்கலாம். போன இடத்தில் தூண்டில் போட்டுப் பொழுதையும் கழிக்கலாம். ஒரே பயணம், ரெண்டு கழிவு! என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

"லவெர்ன், மரவீட்டுக்குப் போறேன். முழுக்க வேலை. படகுத்துறைப் பலகை மாத்தணும், பெயின்ட் அடிக்கணும், குழாய் மாத்தணும்."

"நானும் வரேங்க."

"ஐயையோ! நீ வந்தா உல்லாசப் பயணம்னு ஆயிடும். வரி ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க."

"நான் அவ்வளவு உல்லாசமாவா இருக்கேன்?"

"உன்னைச் சொல்லலை, சட்டத்தைச் சொல்றேன்."

"பாவம், தனியாக் கஷ்டப்படப் போறீங்க. சரி, போயிட்டு வாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. தூண்டிலை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி, இரண்டு பக்கமும் கந்தலை அடைத்து, வண்டியில் ஏற்றினேன்.

போய் இறங்கினால், வாசலில் என் மச்சினி பெர்னிட்டாவின் கார். கரையில் இரண்டு மடக்கு நாற்காலிகள். ஒன்றில் பெர்னிட்டா. இன்னொன்றில், கறுப்புக் கண்ணாடியோடு லவெர்ன்!

"நீ எப்படி இங்க?"

"நம்ம வரிக் கணக்கர் ஃபெஸ்லருக்கு போன் பண்ணேங்க. தங்கமான மனுஷன்! வீட்டுக்காரர் நாள் முழுக்க ரிப்பேர் பார்த்தா அது வேலை நாள்தானாம். குடும்பத்துல மத்தவங்க அங்கேயே ஆட்டம் போட்டாலும் பரவாயில்லையாம்."

"வீட்டுக்காரர்னா வீட்டுச் சொந்தக்காரர்டீ! நீயும் சொந்தக்காரிதான். நீயும் பெயின்ட் அடிக்கலாம்."

"எனக்கு வீட்டுக்காரர் நீங்கதானே?"

நான் பெயின்ட் டப்பாவை இறக்கினேன்.

"ஆனா ஒண்ணுங்க. நீங்க வேலையை விட்டுட்டுத் தூண்டில் பக்கம் போனீங்களோ, போச்சு! அப்புறம் எதையும் கழிக்க முடியாது."

"நான் எதுக்குத் தூண்டில் பக்கம் போறேன்?"

"அதானே! அத்தான் யோக்கியர்" என்றாள் பெர்னிட்டா.

லவெர்ன் என் வண்டியை எட்டிப் பார்த்தாள். "மாத்த வேண்டிய குழாய் இதுதானா?" கந்தலைப் பிடுங்கிக் குழாயைச் சாய்த்தாள். தூண்டில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.

"என்னங்க இது?"

"அது... அடைப்பு எடுக்க."

"நல்லதாப் போச்சு. ஏரியில ஏதாவது அடைச்சிருக்கான்னு நாங்க பார்த்துட்டு வரோம்."

பலகை மாற்றினேன். பெயின்ட் அடித்தேன். இடுப்பு ஒடிந்தது. ஏரிப் பக்கமிருந்து சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. வந்த ஆத்திரத்தையெல்லாம் சுவரில் பூசினேன்.

சாயங்காலம் பெரிய கூச்சல். பிரஷ்ஷோடு ஓடினேன். என் தூண்டிலில், என் மஸ்கி! என் இடுப்பு உயரம் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"லவெர்ன், ஒரே ஒரு தடவை நான் பிடிச்சுக்கறேனே" என்று கெஞ்சினேன்.

"தாராளமா!" என் இரண்டு கையிலும் மீனைக் கிடத்தினாள். அதன்மேல் கத்தியை வைத்தாள்.

"சுத்தம் பண்ணிடுங்க. அதையும் வேலை நேரத்துல சேர்த்துக்கலாம்."